அழைப்பிதழில் அழகெழுத்து



கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். சுரங்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலையிழந்து வீடு திரும்பியவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய பேத்திக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாயிற்று. அழைப்பிதழ் அச்சிடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அச்சகத்தார் அனுப்பிய மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, “எழுத்து எப்படியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்று என்னிடம் நீட்டினார்.

எழுத்து அழகாகத்தான் இருந்தது. வலப்புறம் சாய்ந்து, நூல்போல் மெலிந்து, தொடக்கத்திலும் முடிவிலும் கொடிபோல் சுருண்டு, பொன்னிற மையில் மின்னியது. மணமகளின் பெயரை வானொலியில் சொல்லுவது முறையன்று. வெண்ணிலா என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய தம்பிக்கு எட்டு வயது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறான். தமிழ் அவனுக்குப் பள்ளிப் பாடமன்று. வீட்டில் ஆயா மடியில் அமர்ந்து எழுத்துக் கூட்டிக் கற்றது. அவன் அந்தத் தாளை வாங்கி, முகத்தருகே வைத்துக்கொண்டு, ‘வெ... னி... லா’ என்று படித்தான். பிறகு தலையை நிமிர்த்தி, “ஆயா, இது ஐஸ்கிரீம் கடை நோட்டீசா?” என்று கேட்டான்.

வீட்டிலிருந்தோர் யாவரும் சிரித்தோம். ஆயா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய், பின் கைநீட்டும் தொலைவில் வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒன்றும் தெரியவில்லையே” என்றார். தமிழை அறுபது ஆண்டுகளாகப் படித்தவருக்கும் அது புலப்படவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கற்பவனுக்கும் புலப்படவில்லை. அப்படியானால் அந்த அழகு யாருக்காக? இந்த வினாவைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

கையெழுத்தைப் போலத் தோன்றும் இத்தகைய அச்செழுத்து எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். ஐரோப்பாவில் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் எழுத்தாசிரியர் என்றே ஒரு தொழிலினர் இருந்தனர். வணிகக் கணக்கும் கடிதமும் அழகாக எழுதக் கற்பிப்பது அவர்கள் வேலை. இறகுப் பேனாவைக் கூராகச் சீவி, மேல்நோக்கிச் செல்லும்போது மெல்லத் தொட்டும், கீழ்நோக்கி வரும்போது அழுத்தியும் எழுதினால், ஒரே கோடு மயிரிழையாகவும் தடிப்பாகவும் மாறி மாறி ஓடும். கை எடுக்காமல் எழுதுவதால் ஓர் எழுத்து அடுத்த எழுத்தோடு கைகோத்து நிற்கும். இங்கிலாந்தில் ஜார்ஜ் பிக்கம் என்பவர் இவ்வகை எழுத்துகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி, 1733-இல் தொடங்கிப் பகுதி பகுதியாக ஒரு பெருநூலாக வெளியிட்டார். அந்நூல் பிற்காலத்தார்க்கு ஒரு முன்மாதிரியாக நின்றது.

ஆனால் தகட்டில் செதுக்குவது வேறு. ஈயத்தில் எழுத்து வார்ப்பது வேறு. ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சிறு சதுரக் கட்டையின் தலையில் நிற்பது. சாய்ந்த எழுத்தின் வாலும் தலையும் கட்டையைத் தாண்டி வெளியே நீண்டால், அச்சேறும்போது முறிந்துபோகும். தாண்டாமல் நிறுத்தினால் எழுத்துகளுக்கிடையே சந்து விழுந்து, கைகோத்த தோற்றம் கெடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரத்தில் ஃபிர்மேன் திதோ என்னும் அச்சுக் கலைஞர் கட்டையையே சாய்வாக வார்த்து இத்தொல்லையை ஒருவாறு தீர்த்தார். பின்னர் ஒளிப்படத்தின் துணையால் எழுத்துக் கோக்கும் முறை வந்தது. அதனைப் பயன்படுத்தி மாத்யூ கார்ட்டர் என்பவர், சார்லஸ் ஸ்னெல் என்ற பழைய எழுத்தாசிரியரின் கையெழுத்தை ஆதாரமாகக் கொண்டு, 1960-களின் நடுவில் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ என்னும் எழுத்தை அமைத்தார். ஈயக் கட்டை இல்லாததால் எழுத்துகள் தடையின்றிக் கைகோத்தன. கணினி வந்தபின், ஜெர்மானிய எழுத்துக் கலைஞர் ஹெர்மன் சாப்ப் 1998-இல் ‘சாப்பீனோ’ என்ற எழுத்தை வெளியிட்டார். அதில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. கையால் எழுதுகிறவன் ஒரே எழுத்தை ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றி எழுதுவதைப்போல அவை மாறி மாறி வரும்.

இவ்வளவு அரும்பாடுபட்டு ஆக்கிய எழுத்தை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினர்? அழைப்பிதழில் பெயருக்கும், பட்டச் சான்றிதழுக்கும், நூலின் தலைப்புக்கும், இனிப்புப் பெட்டியின் மேல்மூடிக்கும் பயன்படுத்தினர். நாளிதழின் செய்திக்கோ, பாடநூலின் பாடத்திற்கோ பயன்படுத்தவில்லை. ஏனெனில் அது நின்று பார்க்கத்தக்க எழுத்து. விரைந்து படிக்கத்தக்க எழுத்தன்று. பட்டுச் சேலையைத் திருமணத்திற்கு உடுத்துகிறோம். கிணற்றடியில் துணி துவைக்க உடுத்துவதில்லை. எழுத்திலும் அத்தகைய பொருத்தம் உண்டு.

இனித் தமிழுக்கு வருவோம். நம் எழுத்தின் அழகு கூர்முனைப் பேனாவில் பிறந்ததன்று. அது பனையோலையில் எழுத்தாணியால் வளர்ந்தது. எழுத்தாணியை எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே பருமனாகவே செல்லும். எனவே தடிப்பும் மெலிவும் மாறிவருதல் நம் மரபில் இல்லை. ஓலையின் நரம்போடு நேர்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும் என்பதனால் எழுத்துகள் வளைந்தன என்று அறிஞர் கூறுவர். ஆகவே தமிழெழுத்தின் எழில் அதன் வளைவிலும் சுழியிலும் இருக்கிறது. அகரத்தின் வயிற்றையும், ழகரத்தின் காலடி வளைவையும், ணகரத்தின் சுழிகளையும் கண்ணை மூடி எண்ணிப் பாருங்கள். அவை தாமே சித்திரங்கள்.

ஓலையில் ஒரு குறையும் இருந்தது. புள்ளி வைத்தால் ஓலை துளைபடும் என்று பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவர். மெய்யா உயிர்மெய்யா என்பதையும், எகரமா ஏகாரமா என்பதையும் படிப்பவரே பொருள் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டும். வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்திக் காட்டினார். அச்சு வந்தபின் புள்ளியும் தன் இடத்தைப் பெற்றது.

அச்சின் வரலாற்றிலும் நாம் பிந்தியவர்கள் அல்லர். இந்திய மொழிகளுள் தமிழே முதன்முதலில் தன் எழுத்திலேயே அச்சேறியது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பின்னர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய எழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்தன, தாள் போதவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்தனர். அடுத்த நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்துகளை நுணுக்கமாகவும் தெளிவாகவும் திருத்தினார். 1862-இல் அங்கு அச்சான வின்சுலோ அகராதியைப் புரட்டுவோர், அவ்வளவு சிறிய எழுத்தும் கண்ணுக்கு இதமாக இருப்பதைக் காண்பர். இவர்கள் யாவரும் தேடியது ஒன்றே: குறைந்த இடத்தில், படிப்பவன் மயங்காதபடி தமிழை நிறுத்துவது எப்படி?

தங்கவயலுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் தம்முடன் தமிழையும் கொண்டுவந்தன. பகலில் பூமிக்கடியில் பாறையுடைத்தவர்கள் மாலையில் மேலே வந்து சங்கம் கூட்டினர், நூலகம் வைத்தனர், இரவுப் பள்ளி நடத்தினர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பின்பு ‘தமிழன்’ என்று பெயர் பெற்றது. அதற்குத் தங்கவயலில் வாசகர் பலர் இருந்தனர். அவர் 1914-இல் மறைந்தபின், சில ஆண்டுகள் கழித்து, 1926-இல் ஜி. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். தமிழ்நாட்டிற்கு வெளியே, தொழிலாளர் குடியிருப்பின் நடுவே, ஒரு தமிழ் வார இதழுக்காக அச்சுக்கோத்த கைகளை நினைத்துப் பாருங்கள். அந்த எழுத்து கொடிசுற்றிய எழுத்தன்று. அன்றுதான் படிக்கக் கற்ற ஒரு தொழிலாளி, விளக்கொளியில் விரல் வைத்துப் படிக்கத்தக்க எழுத்து. அவனை எண்ணியே அது கோக்கப்பட்டது.

அந்நாளில் சிற்றூர் அச்சகத்தில் தமிழெழுத்து ஒன்றிரண்டு வகைக்கு மேல் இராது. தமிழுக்கு நூற்றுக்கணக்கான அச்சுருக்கள் வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும். அலங்கார எழுத்து வேண்டுவோர் ஓவியரிடம் பெயரை மட்டும் எழுதி வாங்கி, அதைத் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ செய்து, மற்றவற்றை வழக்கமான எழுத்தில் கோத்தனர். பொருள் முட்டுப்பாட்டால் வந்த இவ்வழக்கம் ஒரு நல்ல விதியையும் தந்தது: பெயர் சித்திரமாக நிற்கும், செய்தி எழுத்தாக நிற்கும். வார இதழ்களின் தொடர்கதைத் தலைப்புகளும் இம்முறையில் ஓவியர் கையால் எழுதப்பட்டவையே. பிற்காலத்தில் ஓவியர் ஆதிமூலம் நூல்களுக்கும் இதழ்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளைப் பலரும் அறிவர். ஆங்கிலப் பேனாவின் சாய்வைக் கடன் வாங்காமல், தமிழெழுத்தின் உடலிலிருந்தே ஒரு புதுமையைக் கொண்டுவந்தவர் அவர்.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. கணினியில் எழுத்துகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. பெயருக்கு ஓர் எழுத்து, செய்திக்கு ஓர் எழுத்து என்ற பிரிவினை மறைந்து, தாள் முழுவதையும் கொடியெழுத்தால் நிரப்புவது எளிதாகிவிட்டது. எழுத்து வடிவமைப்போரின் குற்றமன்று இது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் அமைத்த ‘கவிவனார்’ என்னும் எழுத்தைப் பாருங்கள். அதுவும் சாய்ந்த எழுத்துதான். கையெழுத்தின் ஓட்டம் உடையதுதான். ஆயினும் தமிழ்க் கை இயல்பாக எழுதும் வளைவுகளையே அது பின்பற்றுவதால் படிப்பவரைத் தடுக்கவில்லை. யாவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும் அது கிடைக்கிறது. எழுத்து நன்றாயிருந்தாலும் இடமறிந்து வைப்பது நம் பொறுப்பு.

நண்பர் வீட்டு அழைப்பிதழில் நேர்ந்த பிழை என்னவென்று இப்போது விளங்கும். ணகரத்திற்கும் னகரத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழிதான். எழுத்தை நெருக்கிச் சாய்த்து, கோட்டை மயிரிழையாக்கினால் அந்த ஒரு சுழி கரைந்துபோகிறது. புள்ளியோ மேலே சுற்றிய கொடியின் ஒரு துணுக்காகத் தோன்றுகிறது. ரகரமும் துணைக்காலும் ஒன்றோடொன்று மயங்குகின்றன. ஒற்றைக் கொம்பின் சுருளையும் இரட்டைக் கொம்பின் சுருளையும் பிரித்தறிய முடிவதில்லை. தமிழில் நன்கு தேர்ந்தவர் சொல் முழுவதையும் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வதால் இவற்றைக் கடந்து சென்றுவிடுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவனுக்கு அந்தச் சுழியும் புள்ளியுமே ஊன்றுகோல். அவற்றைப் பிடுங்கினால் விழுந்துவிடுவான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருமுன், லை, னை, ணை, ளை என்பனவற்றை யானைத் துதிக்கைபோல் ஒரு சுருள் வைத்து எழுதினோம். நண்பர் மனைவி அதைப் படித்து வளர்ந்தவர்; அந்த வடிவத்தில் அவருக்கு இன்றும் ஒரு பாசம் உண்டு. அழகுக்காக அதை அழைப்பிதழில் சேர்க்கலாமா என்று கேட்டார். வீட்டின் பெயரில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், இடமும் நேரமும் சொல்லும் வரிகளில் வேண்டா என்றேன். பேரன் அதைக் கண்டதில்லை. ஆனால் பெரிதாக ஓரிடத்தில் இருந்தால், “இது என்ன, ஆயா?” என்று கேட்பான்; அவரும் சொல்லிக்கொடுப்பார். அலங்காரம் பாடமாகும் இடம் அதுவே.

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகிறேன்? தமிழ்நாட்டில் ஒரு சிறுவன் தெருவில் நடந்தாலே கடைப் பலகையிலும் பேருந்திலும் சுவரிலும் தமிழைப் படித்துவிடுகிறான். தங்கவயலில் முன்பு அந்நிலை ஓரளவு இருந்தது. சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் மற்ற நிலையங்களிலும் இரயில் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகின்றனர். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்கின்றனர். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளின் நிலையும் இதுவே. இத்தகைய வீட்டுக்குள் வரும் அச்சடித்த தமிழ், பல வேளைகளில், ஒரு நாட்காட்டியும் சில அழைப்பிதழ்களுமே. ஆகவே வெளியூர்த் தமிழன் வீட்டில் அழைப்பிதழ் ஒரு பாடப்புத்தகத்தின் வேலையையும் செய்கிறது. அதில் தன் அக்காளின் பெயரையும் தன் பெயரையும் ஒரு குழந்தை தானே படித்துவிட்டால், தமிழ் தன்னுடையது என்ற எண்ணம் அதற்கு உண்டாகிறது. படிக்க முடியாமற்போனால், இது பெரியவர்களுடைய ஏதோ ஓர் அலங்காரம் என்று தாளைக் கீழே வைத்துவிடுகிறது.

அச்சகத்திற்குச் செல்லுமுன் நினைவில் கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லுகிறேன். கொடியெழுத்தை மணமக்கள் பெயருக்கு மட்டும் வையுங்கள்; அதையும் நன்கு பெரிதாக வையுங்கள். நாள், நேரம், மண்டபம், ஊர் ஆகியவை நிமிர்ந்த தெளிவான எழுத்தில் இருக்கட்டும். பொன்னிற மையில் மெல்லிய கோடு வெளிச்சத்தில் பளபளத்து மறைந்துவிடும்; பொன்னிறம் வேண்டுமானால் கோடு தடிப்பாக இருத்தல் வேண்டும். எழுத்துகளுக்கிடையே இடம் விட்டு நீட்டவேண்டா. கைகோத்த எழுத்தின் கையை நாமே பிரித்ததாகும். அழைப்பிதழ் இப்போது கைப்பேசியிலும் செல்கிறது. ஆதலால் அந்தச் சிறு திரையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

நம் அழைப்பிதழ்களில் தமிழோடு வட்டார மொழியும் ஆங்கிலமும் வருவது இயல்பு. தங்கவயலில் கன்னடமும் இடம்பெறும். கன்னட எழுத்தும் நம் எழுத்தைப்போல் வளைவால் ஆனது. இரண்டையும் ஒரே பருமனில், ஒரே உயரத்தில் வைத்தால் அக்காளும் தங்கையும் அருகருகே நிற்பதுபோல் இருக்கும். ஆங்கிலத்தை மட்டும் அழகெழுத்தில் பெரிதாக வைத்துத் தமிழை மூலையில் ஒதுக்குவதும், தமிழைக் கொடிசுற்றி மறைத்து ஆங்கிலத்தைத் தெளிவாக வைப்பதும் ஒரே விளைவைத்தான் தரும். படிக்கத் தெரிந்த மொழியைத்தான் கண் நாடிச் செல்லும்.

இறுதியாக ஒரு சோதனை. மாதிரித் தாளை வீட்டில் மிக மூத்தவரிடமும் மிக இளையவரிடமும் கொடுங்கள். இருவரும் தடையின்றிப் படித்தால் அச்சிடச் சொல்லுங்கள்.

நண்பர் அவ்வாறே செய்தார். அச்சகத்தாரும் முகங்கோணாமல் மாற்றிக் கொடுத்தனர். பெயர்கள் இரண்டும் வளைந்த எழுத்தில், சுழியும் புள்ளியும் தெரியும்படி பெரிதாக நின்றன. மற்றவை நேரெழுத்தில் அமைந்தன. ஆயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இடத்தையும் நேரத்தையும் ஒருமுறை உரக்கப் படித்தார். பேரன் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, ணகரத்தின் சுழிகளை விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். பிறகு தன் அக்காளின் பெயரை முழுவதும் படித்தான். அதற்குக் கீழே, வரவேற்போர் வரிசையின் கடைசியில், சின்னஞ்சிறு எழுத்தில் தன் பெயர் இருப்பதையும் அவனே கண்டுபிடித்தான்.